மடிக்கணினி ஸ்பீக்கரும் ஆவாரம்பாளையத்து இரும்புத் தூளும்

‘ஸ்பீக்கர்தானே, போனால் போகிறது, வெளியே ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஆயிற்று’ என்று மடிக்கணினியைப் பற்றிப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதன் ஓசை மடிக்கணினிக்குள் இருக்கும் ஸ்பீக்கரைவிட நன்றாகவே இருக்கிறது. பழுதுபார்க்க அலைவதைவிட அது எளிது. இவ்வளவும் உண்மையாக இருந்தும் அந்தப் பேச்சு எனக்கு ஒருபோதும் உடன்பாடாக இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லவும் தெரிந்ததில்லை. கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா மகனுடைய மடிக்கணினியை வீட்டில் பிரித்து அதன் இரண்டு ஸ்பீக்கர்களையும் சரிசெய்த சமயத்தில்தான் அந்த மறுப்புக்குப் பின்னால் இருந்த காரணம் எனக்குப் பிடிபட்டது.

அண்ணனுடைய மடிக்கணினி பட்டறையின் மூலையில், பில் புத்தகங்களுக்கும் டீ டம்ளர்களுக்கும் நடுவில் ஒரு இரும்பு மேசை மேல் இருக்கும். ஜிஎஸ்டி கணக்கு, பம்பு பாகங்களின் வரைபடங்கள், வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான். குரல் பதிவுகள்தான் இங்கே முக்கியம். ஷாஃப்டின் அளவை மாற்றச் சொல்லி ஒருவர் பேசி அனுப்புவார். அண்ணன் கையில் எண்ணெயோடு நின்றபடி, புறங்கையால் ஒரு பொத்தானைத் தட்டிக் கேட்டுவிட்டு மறுபடியும் மெஷினுக்குத் திரும்புவார். தனியாகச் சார்ஜ் ஏற்றி, தனியாக இணைத்து, தனியாகத் துடைத்து வைக்க வேண்டிய இன்னொரு பொருளுக்கு அந்த மேசையில் இடமும் இல்லை, அவருக்கு நேரமும் இல்லை. வலது ஸ்பீக்கர் திடீரென்று ஒரு நாள் ஊமையானது. இடது ஸ்பீக்கர் பேசியது. ஆனால் ஆண் குரல் வந்தாலே உடைந்த தகரம் போல் அதிர்ந்தது. அருகில் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தபோது, போர்டு (உள்ளே இருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகை) போய்விட்டது, மாற்ற 14,000 ரூபாய் ஆகும், அதைவிடப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரைத் தனியாக மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, அது தனியாக வராது என்று பதில் கிடைத்திருக்கிறது.

வைண்டிங் கடையும் சர்வீஸ் கடையும்

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி பகுதிகளைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு, எரிந்த மோட்டார் என்பது தூக்கிப் போட வேண்டிய பொருள் இல்லை. கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் அதை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோவார்கள். பழைய காயிலை, அதாவது கம்பிச் சுருளை, வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, புதுச் செம்புக் கம்பியை அதே கணக்கில் சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலரவைத்துக் கொடுப்பார்கள். எரிந்த செம்பையும் எடைபோட்டு அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் முன்னால் அங்கே நடக்கிற ஒன்றைத்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன். மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தவுடன் கடைக்காரர் சீரிஸ் லேம்ப்பை எடுப்பார். குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கோர்த்த இரண்டு ஒயர் முனைகளை மோட்டாரின் முனைகளில் வைத்துப் பார்ப்பார். பல்பு எரிகிறதா, மங்கலாக எரிகிறதா, பாடியைத் தொட்டால் எரிகிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் காயில் போயிற்று என்றோ, கெப்பாசிட்டர் மட்டும் போயிற்று என்றோ சொல்வார். பார்க்காமல் சொல்கிற வைண்டிங்காரரிடம் எந்த விவசாயியும் மறுமுறை போகமாட்டார்.

மடிக்கணினிக்குள் இருக்கும் ஸ்பீக்கரும் காந்தத்துக்கு நடுவில் தொங்கும் ஒரு காயில்தான். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய அமைப்பின் அடிப்படைதான் இன்றும் அதில் இருக்கிறது: காயிலில் மின்னோட்டம் மாறும்போது அது காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது; அதோடு ஒட்டிய மெல்லிய தகடு காற்றைத் தள்ளுகிறது. 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம் அந்த அமைப்பை விரல்நுனி அளவுக்குச் சுருக்குவதற்கு வழிசெய்தது. கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டுகிற மைக்செட்காரர் யூனிட்டைத் திறந்து டயாஃப்ரம் என்னும் அந்தத் தகட்டை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார் என்றால், அவருக்கும் தெரிந்த விஷயம் இதுதான். இவ்வளவு பழகிப்போன ஒரு பொருள் மடிக்கணினிக்குள் போனவுடன், அதன்மேல் ஒரு மீட்டர்கூட வைத்துப் பார்க்காமல் ‘போர்டு போயிற்று’ என்று சொல்லும் பழக்கம் எப்படி வந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. விலையைப் பற்றி எனக்குக் கோபம் வரவில்லை. சோதித்துப் பார்ப்பது என்ற வேலையே அங்கே நடக்கவில்லை என்பதுதான் வருத்தமாக இருந்தது.

திறப்பதற்கு முன் கேட்பது

வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் திருப்புளியை எடுப்பதற்கு முன் காதைக் கொடுக்க வேண்டும். பழுது எங்கே இருக்கிறது என்பதில் பாதிக்குமேல், கணினியைத் திறக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம். முதலில் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். இரண்டு பக்கமும் தெளிவாக ஒலித்தது. ஆகவே ஒலியை உருவாக்கும் சில்லு நன்றாக இருக்கிறது. ஹெட்போன் துளைக்குள் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. முனை உள்ளே வந்ததை அதுதான் கணினிக்குச் சொல்கிறது. அது அழுக்கேறி ஒட்டிக்கொண்டால் ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே கணினி நினைத்துக்கொண்டு இரண்டு ஸ்பீக்கர்களையும் அணைத்துவிடும். இங்கே ஒன்று மட்டும் பேசுகிறது என்பதால் குறை அதுவும் இல்லை. அமைப்புகளில் இடது வலது சமநிலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், நடுவில்தான் இருந்தது. பிறகு ஒரு பென்டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை நிறுவாமலேயே இயக்கி, அதில் ஒலியைச் சோதித்தேன். அங்கேயும் வலது ஊமை, இடது தகரம். விண்டோஸில் ஸ்பீக்கரை இயக்கும் டிரைவர் நிரலையோ, ஒலியை மெருகூட்டுவதாகச் சொல்லும் துணை மென்பொருள்களையோ இனிக் குறைசொல்ல முடியாது. வன்பொருளில்தான் பழுது, அதிலும் ஒலிச் சில்லுக்குப் பிறகு வரும் பாதையில்தான் பழுது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இடது ஸ்பீக்கரின் அதிர்வை இன்னும் கொஞ்சம் நெருங்கிக் கேட்க வேண்டியிருந்தது. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை மெல்ல ஏறிச் செல்லும் ஒலியை ஓடவிட்டால், எந்த இடத்தில் கோளாறு தலைகாட்டுகிறது என்று தெரிந்துவிடும். 400 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தபோது அதிர்வு உச்சத்தில் இருந்தது. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிய பிறகு ஒலி சுத்தமாக வந்தது. இவ்வளவு சிறிய ஸ்பீக்கர்களில் தகடு அதிகமாக முன்னும் பின்னும் பயணிப்பது சில நூறு ஹெர்ட்ஸ் எல்லைக்குள்தான். உயர்ந்த சுருதிகளில் அது மிகக் கொஞ்சமே அசைகிறது. ஆகவே, தகடு அதிகம் நகரும்போது மட்டும் எதிலோ உரசுகிறது என்று ஊகிக்கலாம். ஸ்பீக்கரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் தளர்ந்தாலும் இப்படி அதிரும் என்பதால், விசைப்பலகைக்குக் கீழே உள்ள பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக் கேட்டேன். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே ஓசை. பிளாஸ்டிக் கூட்டில் தளர்வு இல்லை. ஸ்பீக்கருக்குள்ளேயே ஏதோ இருக்கிறது.

கூட்டைத் திறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பக்கத்து ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளைத் தேட வேண்டும்; எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன்மேலேயே வைக்க வேண்டும், ஏனென்றால் நீளமான திருகு குட்டையான துளைக்குள் போனால் அந்தப் பக்கத்தில் உள்ள எதையும் துளைத்துவிடும்; மூடியைப் பிரிக்கப் பழைய ஏடிஎம் அட்டை போதும்; திறந்தவுடன் வேறு எதையும் தொடாமல் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இந்த நான்கில் கவனமாக இருந்தால் மற்றது பொறுமையின் வேலை.

3.6 ஓம்

இந்த மடிக்கணினியில், வேறு பலவற்றில் போலவே, இரண்டு ஸ்பீக்கர்களின் ஒயர்களும் ஒன்றாகச் சேர்ந்து நான்கு முனைகள் கொண்ட ஒரே பிளக்கில் முடிகின்றன. பிளக் இடது பக்கத்தில் இருப்பதால் வலது ஸ்பீக்கரின் ஒயர் மட்டும் டச்பேடுக்குக் கீழே முன்விளிம்பு நெடுகிலும் ஓடி வந்து சேர வேண்டியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை மின்தடையை அளக்கும் ஓம் அளவையில் வைத்து, முனைகளை இரண்டிரண்டாகத் தொட்டேன். இடது ஸ்பீக்கர் 3.7 ஓம் காட்டியது. 4 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் மீட்டரில் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு, ஆகவே அது நலம். வலது ஸ்பீக்கர் எதையும் காட்டவில்லை. பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பிளக்கில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்துகிறவர் இந்த இடத்தில் ‘ஸ்பீக்கர் எரிந்துவிட்டது’ என்று எழுதிவிடுவார், அதில் அவரைப் பெரிதாகக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் பிளக் என்பது ஒயரின் ஒரு முனை. மறுமுனையில் ஸ்பீக்கரின் மேலேயே, ஒயர் பற்றவைக்கப்பட்ட இரண்டு சிறிய புள்ளிகள் இருக்கின்றன. மீட்டரின் ஊசிகளை அங்கே வைத்தவுடன் ஸ்பீக்கர் மிக மெல்லிய ஒரு ‘கர்’ ஓசை எழுப்பியது. திரையில் 3.6 என்று வந்தது.

அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் இந்த வேலையை என் ஆசைக்காக விட்டுக்கொடுத்திருந்தாரே தவிர, இதிலிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. 3.6 என்ற எண்ணைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்படின்னா காயில் நல்லாத்தான இருக்குது தம்பி? ஒயருதான் எங்கியோ கட்டாயிருக்குது” என்றார். பிறகு என்னைக் கேட்காமலேயே ஒரு பென்சில் பேட்டரியைத் தேடி எடுத்துவந்து நீட்டினார். வானொலிப் பெட்டிக் காலத்திலிருந்து நம் ஊர்களில் இருக்கும் சோதனை அது: 1.5 வோல்ட் பேட்டரியின் முனைகளை ஸ்பீக்கரின் புள்ளிகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் ‘டொக்’ என்று கேட்கும், தகடு நகர்வதும் கண்ணுக்குத் தெரியும். 4 ஓம் காயிலில் அது அரை வாட்டுக்குச் சற்று மேலான மின்திறன்தான், 2 வாட் தாங்கும் ஸ்பீக்கருக்கு ஒரு கணத் தொடுதலில் தீங்கு வராது. தொட்டேன். ஊமை என்று முடிவுசெய்யப்பட்டிருந்த ஸ்பீக்கர் தெளிவாக ‘டொக்’ என்றது. போர்டும் போகவில்லை, ஸ்பீக்கரும் போகவில்லை.

நான் இதில் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை அந்த மடிக்கணினி அண்ணனுக்கு ஒரு மூடிய பெட்டி. அதைப் பற்றிக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. மைக்ரான் கணக்கில் ஷாஃப்டைத் தேய்த்துக் கொடுக்கிற மனிதர் அவர். ஒரு பம்பு செட் இறைக்காவிட்டால் அது ஃபுட்வால்விலா, இம்பெல்லரிலா, காயிலிலா என்று வரிசையாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். அந்த அறிவு மடிக்கணினிக்கும் செல்லும் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. 3.6 என்ற எண் அதைக் காட்டியது. வெளியே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் ஓசை கிடைத்திருக்கும். ஆனால் 14,000 ரூபாய்த் தீர்ப்பு சரியா தவறா என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், போர்டு போன மடிக்கணினி என்ற பெயரோடே அது ஒரு நாள் எடைக்குப் போயிருக்கும். என் மறுப்பின் காரணம் இதுதான் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிந்தது. மாற்றுப் பொருள் வாங்குவதில் எனக்கு எதிர்ப்பில்லை. என்ன பழுது என்று அறியாமலேயே வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒயரைத் தடவிக்கொண்டே போனதில், டச்பேடுக்கு வலப்புறம் ஒரு திருகுத் தூணுக்கு அடியில் அது நசுங்கிக் கிடந்தது. முன்பு எப்போதோ பேட்டரி மாற்றத் திறந்தவர்கள், ஒயரை அதற்கான பள்ளத்தில் அமர்த்தாமல் மூடியிருக்க வேண்டும்; தூண் அதன்மேல் ஏறி நின்று, மாதக்கணக்கில் அழுத்தி, இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டது. நசுங்கிய பகுதியை வெட்டி நீக்கி, அதே கனத்தில் ஒரு துண்டு ஒயரைச் சேர்த்து, 25 வாட் சால்டரிங் அயர்னால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறைகளை ஏற்றினேன். பற்றவைப்பை ஸ்பீக்கரின் புள்ளிகளில் செய்யாமல் ஒயரின் நடுவிலேயே செய்வது நல்லது. அந்தப் புள்ளிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் நொடிகளில் இளகிவிடும். ஒயர்களின் நிறத்தையும் மாற்றி இணைத்துவிடக் கூடாது. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் தலைகீழாக இணைக்கப்பட்டால் ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும்; தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஓசை மெலிந்துவிடும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய டேப்ரெக்கார்டர் பழக்கத்தில், இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு ஒயர்களையும் பொதுவாகச் சேர்த்து எர்த்தோடு இணைத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மடிக்கணினியின் ஆம்ப்ளிஃபயர்கள் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையுமே தனித்தனியாக இயக்குபவை. எந்த முனையும் எர்த் இல்லை. அப்படிச் சேர்த்தால் அந்தச் சில்லு உண்மையிலேயே கெட்டுப்போகக்கூடும், அதன் பிறகு ‘போர்டு போயிற்று’ என்பது சரியாகிவிடும்.

இரும்புத் தூள்

இடது ஸ்பீக்கரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது காரணம் தானாகத் தெரிந்தது. தகட்டின் மேல் வட்டமாக ஒரு கரிய மயிர்வரிசை நின்றிருந்தது. வார்ப்பிரும்பைக் கடையும்போது சுருள் வராது, தூள்தான் வரும். அதற்குப் பெரும்பாலும் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவமும் ஊற்ற மாட்டார்கள் என்பதால் அந்தத் தூள் பறந்து பட்டறையெங்கும் படியும். மடிக்கணினியின் ஸ்பீக்கர் துளைகளுக்கு நேர் பின்னால் ஒரு நியோடிமியம் காந்தம் இருக்கிறது. காயில் அசையும் இடைவெளியில்தான் அதன் புலம் மிக வலுவாக இருக்கும், ஆகவே உள்ளே நுழைந்த தூளெல்லாம் அந்த இடைவெளிக்கு மேலே தகட்டின்மீது வளையமாகச் சேர்ந்து, முட்களாக நிமிர்ந்து நின்றுவிட்டது. தகடு அதிகம் நகரும் சுருதிகளில் அந்த முட்கள் வெளிமூடியின் வலையில் போய் உரசின. 400 ஹெர்ட்ஸில் கேட்ட தகர ஓசை அதுதான். இயந்திரங்களுக்கு மிக அருகில் இருந்தது இடது பக்கம் என்பதால் வலது ஸ்பீக்கரில் தூள் குறைவாகவே இருந்தது.

“ஏர் அடிச்சா போயிரும் தம்பி” என்று அண்ணன் ஏர் கன்னை எடுத்துவந்தார். வேண்டாங்கண்ணா என்று தடுத்துவிட்டேன். பட்டறைக் கம்ப்ரசரில் 6 முதல் 8 பார் வரை அழுத்தம் இருக்கும். முடியைவிட மெல்லிய அந்தத் தகடு ஒரே வீச்சில் கிழிந்துவிடும், கிழியாவிட்டாலும் தூள் இடைவெளிக்குள் இறங்கிவிடும், இறங்கினால் எடுக்கவே முடியாது. இரும்பு முனையுள்ள இடுக்கியும் ஆகாது, காந்தம் அதைக் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்துத் தகட்டைக் குத்திவிடும். செலோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி ஒரு தீக்குச்சியின் முனையில் சுற்றி, தகட்டை அழுத்தாமல், தூளின் தலையை மட்டும் தொட்டுத் தொட்டு எடுப்பதுதான் வழி. காந்தம் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு தொடுதலிலும் கொஞ்சம்தான் வரும். மாலை முழுவதும் அதற்கே போயிற்று. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. எதையும் வாங்காமல், எதையும் மாற்றாமல், ஒரு பொருள் தன் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்க்க முடிகிற நேரம்.

தகட்டின் ஓரம் ஒரு இடத்தில் சட்டத்திலிருந்து லேசாகப் பெயர்ந்திருந்தது. செல்போன் கடைகளில் திரை ஒட்டப் பயன்படும் பி-7000 பசையை ஒரு ஊசிமுனையில் எடுத்து அந்த விளிம்பில் மட்டும் தடவி, முழு நாள் உலரவிட்டேன். உலர்ந்த பிறகும் ரப்பர் போல் வளைந்துகொடுக்கும் பசைதான் இங்கே வேண்டும். வீட்டில் உடனே கைக்கு வரும் ஃபெவிக்விக் வகைப் பசைகள் கல்லாக இறுகிவிடும், நீர்போல் ஓடிக் காயிலின் இடைவெளிக்குள் இறங்கவும் செய்யும். ஸ்பீக்கரில் அவற்றைத் தொடவே கூடாது.

காயில் உண்மையிலேயே எரிந்திருந்தால்

எல்லா ஸ்பீக்கரையும் இப்படி மீட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் புள்ளிகளிலேயே மீட்டர் எதையும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மோட்டார் காயிலைப் போல அதை வீட்டில் சுற்ற முடியாது. கம்பி அவ்வளவு மெல்லியது. பெரும்பாலும் அது சூட்டினால்தான் சாகிறது. ஓசை போதவில்லை என்று மென்பொருளில் ஒலியை நூறு சதவீதத்துக்கு மேலே ஏற்றும்போது அலைகளின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன; காயிலுக்குச் செல்லும் சராசரி மின்திறன் கூடுகிறது; காது அதை வெறும் கரகரப்பாகத்தான் உணரும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் உயரும். 25 டிகிரியில் 3.6 ஓம் இருந்த காயில் 125 டிகிரியில் 5 ஓமுக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை வைத்தே புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் உள்ள ஆம்ப்ளிஃபயர்கள் மின்னோட்டத்தை அளந்து, காயிலின் சூட்டை ஊகித்து, எல்லை மீறும் முன் ஒலியைக் குறைக்கின்றன. ஆப்பிளின் சொந்தச் சில்லுகள் கொண்ட மடிக்கணினிகளில் லினக்ஸை ஓடவைத்த ஆசாஹி லினக்ஸ் குழுவினர், இத்தகைய பாதுகாப்பைச் செய்யும் நிரலைத் தாங்களே எழுதி முடிக்கும்வரை அந்தக் கணினிகளின் ஸ்பீக்கர்களை இயங்கவே விடாமல் வைத்திருந்தார்கள். ஒரு ஸ்பீக்கர் எரிந்துபோகலாம் என்பதற்காக ஒரு வசதியையே காத்திருக்க வைத்த அந்தப் பொறுப்புணர்ச்சி எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

காயில் அறுந்தால் மாற்று ஸ்பீக்கரைத் தேட வேண்டும். ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டியிருக்கும் பாக எண்தான் வழிகாட்டி. மடிக்கணினியின் மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால், அதே பெயரில் வேறு கூடு கொண்ட மாடலின் ஸ்பீக்கர் வந்து சேரக்கூடும். ஓம் மதிப்பு, கனம், திருகுத் துளைகளின் இடம், பிளக்கின் வடிவம் நான்கும் பொருந்த வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் இத்தகைய ஜோடிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதுண்டு. ‘தனியாக வராது’ என்பது எல்லா மடிக்கணினிக்கும் பொருந்தும் பதில் இல்லை. லெனோவோவின் திங்க்பேட் கணினிகளுக்கு, அவற்றை ஐபிஎம் தயாரித்த காலத்திலிருந்தே பராமரிப்புக் கையேடு வெளிப்படையாகக் கிடைக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றும் முறை அதில் படத்தோடு இருக்கும். 2021-இல் முதல் மடிக்கணினியைக் கொண்டுவந்த ஃபிரேம்வொர்க் நிறுவனம் ஸ்பீக்கர் ஜோடியைத் தனிப் பாகமாகவே விற்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் பத்துக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்பட வேண்டும். கையேடு கிடைக்கிறதா, எளிதாகப் பிரிக்க முடிகிறதா, உதிரி கிடைக்கிறதா என்பவற்றோடு, உதிரியின் விலை முழுப் பொருளின் விலையில் எவ்வளவு பங்கு என்பதும் அந்த மதிப்பெண்ணில் சேர்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது; அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் நாளில், அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. விவசாயக் கருவிகள், வாகனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருள்கள் என்று துறைகளைப் பிரித்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் பாகத்தின் எண்ணும் விலையும் அங்காடித் தெருவில் நிற்கும் ஒருவருக்குத் தெரியவரும்வரை, ‘தனியாக வராது’ என்ற பதிலை எதிர்த்துக் கேட்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

அண்ணனுடைய மடிக்கணினியை மூடும் முன் ஸ்பீக்கர் துளைகளின் உட்புறத்தில், ஒலியைத் தடுக்காத மெல்லிய வலைத்துணியை ஒட்டினேன். விசிறியின் வழியாகவும் அதே தூள் போர்டின்மேல் இறங்கியிருந்தது. அது மின்சாரத்தைக் கடத்தும் தூள் என்பதால் மென்மையான தூரிகையால் அதையும் துடைத்தெடுத்தேன். ஸ்பீக்கரைவிட அதுதான் நாளைக்குப் பெரிய ஆபத்தாகியிருக்கும். மேசையை லேத்துக்கு எதிர்ப்பக்கச் சுவருக்கு நகர்த்திவிட்டார்கள். இடது ஸ்பீக்கரின் ஓசை வலதைவிட இப்போதும் ஒரு சிறிது மெலிவாகத்தான் இருக்கிறது. பசை வைத்த விளிம்பு சற்று இறுகியதால் இருக்கலாம். குரல் பதிவுகளுக்கு அது போதும், பாட்டுக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. அதன் பிறகு பக்கத்து வைண்டிங் கடைக்காரர் தன் மகளுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அதிலும் ஒரு ஸ்பீக்கர் ஊமை. இந்த முறை மல்டிமீட்டரை அவரே வாங்கி, பிளக்கில் ஒருமுறையும் ஸ்பீக்கரின் புள்ளிகளில் ஒருமுறையும் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்திலும் ஒன்றும் வரவில்லை என்றதும், காயில்தான் போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்று சொன்னார். முதுகில் இருந்த பாக எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு ஜோடி வரவழைத்திருக்கிறோம்.